மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி

கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
18.01.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், நீங்களாக வாய் திறந்து சொன்னால்தானே தெரியும். போன் எடுத்தால் "சாப்டியா?" "ம்... சாப்டேங்க. நீங்க?" என்பதோடு நம் இருவருக்கும் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மூச்சு விடுகிற சத்தத்துக்குத்தான் டேட்டா போகிறது. எழுத்தில் என்றால் எனக்கு வாய் நீளம். அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பால் பொங்க வைத்தேன், கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. கார்த்திகை வெள்ளத்தில் சரிந்த மண்ணை ரோட்டிலிருந்து இன்னும் முழுசாக அள்ளவில்லை. பஸ் பாலத்தோடு திரும்பிவிடுகிறது, அங்கிருந்து நடைதான். ஒரு வாரமாக மழை இல்லாததால் றப்பர் பால்வெட்டு ஒழுங்காக நடக்கிறது. தாய்மாரும் பிள்ளைகளை நேரத்தோடு பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கே என்னோடு ஆயா வேலைக்கு அதே புஷ்பம் அக்காதான். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். லெப்டொப் என்னைப் பைத்தியம் ஆக்குகிறது. அதைப் போட்டுவிட்டு உலையில் அரிசி போட்டால், சோறு வெந்து வடித்த பிறகுதான் திரை வருகிறது. வந்ததும் வராததுமாக, விண்டோஸ் பத்தின் காலம் முடிந்தது, பதினொன்றுக்கு மாறு என்கிறது. சரி என்று அழுத்தினால் உன் மெஷினுக்கு அந்தத் தகுதி இல்லை என்கிறது. உங்கள் அம்மா என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பேசிய மாதிரியே பேசுகிறது. பிள்ளைகளின் நிறை, உயரம் எல்லாம் மாதக் கடைசியில் டைப் செய்து அனுப்ப வேண்டும். ஒப்பீஸ் மிஸ், "நங்கி, இத வீசிட்டுப் புதுசு ஒண்ணு எடுங்களேன்" என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

வீச முடியாத காரணம் உங்களுக்குத் தெரியும். யதுவின் படமும் வீடியோவும் அதில்தான் இருக்கின்றன. போன் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அதற்கு மாற்றியது நீங்கள்தானே. நான் திறந்து பார்ப்பதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வருகிற மார்ச் பன்னிரண்டோடு மகள் போய் இரண்டு வருஷம். சுவரில் ஸ்டுடியோ படம் இருக்கிறது, அதனால் முகம் மறக்காது. குரல் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நாள் அது எழும்பாமலே போய்விட்டால் என்ன செய்வேன்? ஏதாவது வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யது அம்மா


தோஹா
21.01.2026

அன்புள்ள யது அம்மா,

உன் கடிதம் கண்டேன். அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்து, சாப்பாட்டு மேசையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நேபாளப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மெஷினை வீச வேண்டாம், அதில் ஒரு கோளாறும் இல்லை. அதை ஒரு லயக்காம்பரா என்று நினைத்துக்கொள். விண்டோஸ் அதில் குடியிருக்கிற ஆள். ஆள் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகிறான், காம்பரா அதே அளவுதான். லினக்ஸ் என்று வேறு ஒருவன் இருக்கிறான். ஒல்லியானவன், வாடகை கேட்காதவன். கொழும்புக் கடையில் வேலை செய்தபோது எத்தனையோ கிழட்டு மெஷின்களுக்கு நான் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். அதிலும் மின்ட் என்று ஒரு வகை இருக்கிறது. விண்டோஸ் பழகிய கைக்கு அது லேசு.

டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிற றிப்தி நானாவிடம் போ. ஒரு பென் டிரைவில் மின்ட்டை ஏற்றித் தருவார். இன்னொரு புதுப் பென்னும் வாங்கு, அது யதுவுக்கு.

முதல் வேலை யதுதான். டெஸ்க்டொப்பில் "யது" என்று பேர் போட்டு வைத்திருக்கிறேனே, அதை அப்படியே புதுப் பென்னுக்குக் கொப்பி பண்ணு. நிறைய வீடியோ இருப்பதால் ஒரு மணித்தியாலமாவது எடுக்கும், அவசரப்படாதே. முடிந்ததும் பென்னுக்குள் போய், படம் திறக்கிறதா, வீடியோ ஓடுகிறதா என்று உன் கண்ணால் பார். பார்த்த பிறகுதான் மற்றது.

பிறகு மெஷினை நிறுத்தி, மின்ட் பென்னைச் செருகி, போடும்போதே எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கொண்டே இரு. பென்னைத் தெரிவு செய்தால் மின்ட் எழும்பும். அதில் நிறுவுவதற்கு ஒரு படம் இருக்கும். டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும், ஆம் என்று கொடு. அதற்குப் பிறகு பழையது ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் யது முதலில் என்றேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
சுமன்


கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
01.02.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஒல்லியான ஆள் மேல்தான் எழுதுகிறேன்! உங்கள் மனைவி தனியாகச் செய்து முடித்துவிட்டாள்.

நீங்கள் சொன்னபடியே முதலில் யதுவைக் கொப்பி பண்ணினேன். மணித்தியாலக் கணக்கு சொல்லிப் பயமுறுத்தினீர்களே, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. றிப்தி நானா கொடுத்தது நல்ல ஜாதிப் பென். பிறகு பென்னுக்குள் போய்த் திறந்தும் பார்த்தேன். படங்கள் வரிசையாக வந்தன. ஒரு வீடியோவையும் தட்டினேன். நீலச் சட்டை போட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "அம்மா, இங்க பாருங்களேன்" என்றதும் மூடிவிட்டேன். மேற்கொண்டு என்னால் முடியவில்லை. பென்னை ஒரு கைக்குட்டையில் சுற்றி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அழிக்கவா என்று கேட்ட இடத்தில் எழுந்துபோய்ப் புஷ்பம் அக்காவைக் கூட்டி வந்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். "எல்லாங் கொப்பி பண்ணிட்டீங்கதானே டீச்சர், அப்ப என்னா பயம், அமுக்குங்க" என்றார். கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. ஒரு தடவை நிறுத்திப் போட்டதும், பச்சையாக ஒரு திரை, அவ்வளவு சுத்தம்! இப்போது உலை கொதிப்பதற்குள் எழும்பி நிற்கிறது.

ஒரு கூத்து நடந்தது. திரையில் வந்த ஒரு கறுப்புப் பெட்டியில் கடவுச்சொல் அடிக்கச் சொன்னது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளியாவது வர வேண்டுமே! கீபோர்ட் செத்துவிட்டது என்று நினைத்து றிப்தி நானாவுக்குப் போன் பண்ணினேன். "அது அப்பிடித்தான் தங்கச்சி, காட்டாது. கண்ண மூடிட்டு அடிச்சி எண்டர் தட்டுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்படி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
யது அம்மா


தோஹா
05.02.2026

அன்புள்ள யது அம்மா,

கெட்டிக்காரி! கொழும்புக் கடையில் ஆறு மாதம் பழகிய பையன்கள்கூட இதைத் தனியாகச் செய்யப் பயப்படுவார்கள். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

கீழே வலப்பக்கம் ஒரு சின்னக் கேடயம் இருக்கும். அதை அழுத்தினால் அப்டேட் எல்லாம் வரும். டேட்டா மலிவாக இருக்கும் விடியற்காலையில் செய்துகொள். தமிழ் கீபோர்டையும் அதில் சேர்க்கலாம். பிள்ளைகளுக்குப் படம் கீறுகிற விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கும். நிறைய ஏற்றிக்கொள், இடம் தாராளமாக இருக்கிறது.

இன்னொன்று. சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டுவிட்டேன். நீலச் சட்டை என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் வீட்டு நினைவாகவே இருக்கிறது. நான் புறப்படும்போது ஒரு படமும் கொண்டுவரவில்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டு இங்கே வேலை செய்ய முடியாது என்று பயம். இப்போது கேட்கலாம் போல இருக்கிறது.

அன்புடன்,
சுமன்


கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
15.02.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபிக்க வேண்டாம். அப்டேட் எல்லாம் செய்தேன். தமிழ் கீபோர்டும் வந்துவிட்டது. படம் கீறுகிற விளையாட்டைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பிள்ளைகள் லெப்டொப்பை நக்காத குறைதான்.

சித்திரைக்கு வருவீர்கள் என்று புஷ்பம் அக்காவிடம் சொன்னேன். அவர் அதற்குள் டிவிசன் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் போகிறவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். விண்டோஸில் இருந்த சாமான் சிலது லினக்ஸில் திறக்காமல் போகுமா? அதற்கென்று வேறு ஏதாவது ஏற்ற வேண்டுமா? சும்மாதான் கேட்கிறேன், அவசரம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
யது அம்மா


தோஹா
18.02.2026

அன்புள்ள யது அம்மா,

லீவு கிடைத்துவிட்டது! ஏப்ரல் பத்துக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். இனி டிவிசன் முழுக்கத் தாராளமாகச் சொல்.

படம், வீடியோ எல்லாம் எதிலும் திறக்கும், அதற்குப் பயப்படாதே.

மார்ச் பன்னிரண்டுக்கு நீ அங்கே விளக்கேற்றும் நேரம் நானும் இங்கே அறையில் இருக்க நினைக்கிறேன். அந்த நீலச் சட்டை வீடியோவை எனக்கு அனுப்பு. பெரிதாக இருந்தால் றிப்தி நானாவின் கடையிலிருந்து அனுப்பு. இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. நேரில் வந்து உன் முன்னால் முதல் தடவை கேட்டு உடைந்துபோவதைவிட, இங்கேயே ஒரு தடவை கேட்டு அழுதுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
சுமன்


கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
22.02.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

வீடியோ இல்லை. படமும் இல்லை. ஒன்றும் இல்லை.

உங்களுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினேனே, அதற்கு மறுநாள்தான் பென்னைப் போட்டுப் பார்த்தேன். "யது" என்று ஒன்றே ஒன்று கிடந்தது. தட்டினால் திறக்கவில்லை. எத்தனை முறை தட்டியும் இதை எதில் திறப்பது என்று என்னையே கேட்டது. லினக்ஸுக்கு விண்டோஸ் சாமான் பிடிக்கவில்லை போல என்று என்னையே தேற்றிக்கொண்டேன். வேறு யாருடைய பென்னோ என்பது போலப் போன வாரம் றிப்தி நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தன் மெஷினில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இது ஃபோல்டர் இல்ல. ஃபோல்டர் இருக்கிற எடத்தக் காட்டுற குறிதான் இது. டெஸ்க்டொப்புல மூலையில சின்ன அம்புக்குறி போட்டு இருந்திச்சா?" என்று கேட்டார்.

இருந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். உண்மையான ஃபோல்டர் டிஸ்க்கின் வேறு பக்கத்தில் இருந்ததாம். நான் பென்னுக்குள் போய்த் திறந்தபோது, அந்த அம்புக்குறி என்னை மெஷினுக்குள்ளேயே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.

உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் சித்திரைக்கு லீவு கேட்டதாக எழுதிவிட்டீர்கள். இதைச் சொன்னால் வரமாட்டீர்களோ என்று பயந்துவிட்டேன். என் பிள்ளையின் குரலை என் கையாலேயே அழித்துவிட்டேன்.

யது அம்மா


தோஹா
23.02.2026

பிரேமலதாவுக்கு,

மெஷினை உடனே நிறுத்து. இதைப் படித்து முடித்ததும் நிறுத்து. இனி அதில் ஒன்றும் எழுதாதே, ஏற்றாதே.

அழித்தாலும் உடனே எல்லாம் போய்விடாது. மேலே புதிதாக ஏதாவது எழுதப்படும் வரைக்கும் டிஸ்க்கில் மிச்சம் கிடக்கும். அழிந்ததைத் தேடி எடுக்கிற ஒன்று லினக்ஸிலேயே இருக்கிறது. றிப்தி நானாவிடம் கொண்டுபோய், மின்ட் பென்னிலிருந்து எழுப்பி, கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேர்க்கச் சொல். அவருக்கு விவரமாகத் தனியே எழுதியிருக்கிறேன்.

அன்றே சொல்லியிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். மூன்று வாரம் அப்டேட் செய்தாய், விளையாட்டு ஏற்றினாய். நீ ஏற்றிய ஒவ்வொன்றும் அவள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

நீ எப்போதும் பிந்தித்தான் சொல்வாய். அன்றைக்கும் பிந்தித்தான் சொன்னாய்.

சுமன்


றிப்தி கொமினிகேஷன், தெஹியோவிட்ட
01.03.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

கடையிலிருந்து எழுதுகிறேன். மெஷின் மேசைக்கடியில் கிடந்து தேடிக்கொண்டிருக்கிறது. பழசு என்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. நாலு மணி பஸ்ஸுக்குள் நான் போக வேண்டும்.

வந்தவரைக்கும் பார்த்தேன். பேர் எல்லாம் போய் நம்பராக வந்திருக்கிறது. பட்டன் படம், கொடிப் படம், யாரோ வெள்ளைக்காரர் சிரிக்கிற படம் என்று குப்பை குப்பையாக வருகிறது. நடுவில் திடீரென்று அவள் நெற்றி வரும், அதற்குக் கீழே சாம்பல் நிறமாக ஒன்றும் இல்லாமல் இருக்கும். ஒரு படத்தில் அவள் செருப்பு மட்டும் இருக்கிறது. வீடியோக்கள் பேருக்குத்தான் வருகின்றன, ஒன்றும் ஓடவில்லை. றிப்தி நானா கடைக்கு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு எனக்கு முன்னால் தேநீரை வைத்துவிட்டுப் போகிறார்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பிந்தவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே கொழும்புக்குப் போன் பண்ணினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். "பனடோல குடு, சனிக்கெழம வாறேந்தானே" என்று சொன்னீர்கள். நானும் பனடோல் போதும் என்றுதான் நினைத்தேன். டெங்கு என்று யாருக்குத் தெரிந்தது? சனிக்கிழமை நீங்கள் வந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. இந்த வியாழக்கிழமையைப் பற்றி நான் உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை, புஷ்பம் அக்காவிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லிக் காட்டியிருக்க மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வைத்தீர்கள்.

கொப்பி கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது என்று எழுதினேனே, நீங்களும்தானே படித்தீர்கள்? மெஷின் படித்தவர் நீங்கள். ஒரு மணித்தியால வேலை ஒரு நொடியில் எப்படி முடியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கெட்டிக்காரி என்று எழுதினீர்கள்.

பிரேமலதாவுக்கு என்று ஆரம்பித்திருந்தீர்கள். லயத்தில் எல்லாருக்கும் நான் டீச்சர். ஒப்பீஸில் நங்கி, நானாவுக்குத் தங்கச்சி. என்னை யது அம்மா என்று கூப்பிட நீங்கள் ஒருவர்தான் மிச்சம். அதையும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
யது அம்மா


கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
17.03.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பன்னிரண்டாம் திகதி விளக்கேற்றினேன். பாயாசம் செய்து பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அன்று நீங்கள் அறையில் இருந்தீர்களோ என்னவோ.

தேடல் முடிந்தது. ஒரே ஒரு வீடியோ ஓடுகிறது. இத்தோடு அனுப்புகிறேன். பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அதில் அவள் இல்லை. எடுத்ததே அவள்தான்.

நம் உள்காம்பரா. கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, என் போனைத் திருடி எடுத்திருக்கிறாள். பாதித் திரையை அவள் விரல் மறைக்கிறது. மிச்சப் பாதியில் நீங்களும் நானும் தரையில் உட்கார்ந்து பலாக்கொட்டைத் தோல் உரிக்கிறோம். நீங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாதிரிக் குரலை மாற்றி, "ஏம்மா, இன்னைக்கி பேர் போட முடியாது, போ, போ" என்கிறீர்கள். நான் கொட்டையால் உங்களை அடிக்கிறேன். எனக்கு அப்படியெல்லாம் சிரிக்கத் தெரிந்திருந்ததா என்று நானே ஆச்சரியப்பட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது. போன் அவ்வளவு கிட்ட இருந்திருக்கிறது.

நடுவில் நீங்கள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள். அவளைக் கண்டுவிட்டீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆனால் அவள் விளையாட்டைக் கெடுக்காமல், காணாதவர் போலத் திரும்பிக்கொண்டு இன்னும் பெரிய சத்தமாகக் கிளாக்கர் குரலில் பேசுகிறீர்கள். அவளுக்குக் காட்டத்தான் பேசுகிறீர்கள். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது. அதோடு வீடியோ அறுந்துவிடுகிறது.

உங்கள் மேல் இருந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஏப்ரல் பத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
யது அம்மா


தோஹா
29.03.2026

அன்புள்ள யது அம்மா,

பார்த்தேன். அறையில் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு பார்த்தேன். மூக்கால் விடுகிற அந்த மூச்சு அவளேதான்.

வியாழக்கிழமையை நான் மறக்கவில்லை. அந்தப் போனை இங்கே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உன்னைப் பிந்தியவள் என்று எழுதியது, நான் பிந்தியதைச் சொல்ல முடியாமல்தான். பெரிய பாவம் அது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

டிக்கெட் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த வீடியோவில் இருக்கிற இரண்டு பேரையும் பார்த்த பிறகு, அதே காம்பராவுக்குள் வந்து நாம் இப்போது இருக்கிற மாதிரி உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நீ சோறு போடுவாய், நான் சாப்பிடுவேன். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். கடிதத்தில் என்றால் உன்னோடு பேச முடிகிறது. இப்படியே இருப்போமே. எப்போதும் போல எழுது. லெப்டொப்பில் என்ன சந்தேகம் என்றாலும் கேள், எவ்வளவு வேலை இருந்தாலும் பதில் போடுவேன்.

அன்புடன்,
சுமன்


கீழ் டிவிசன், தெஹியோவிட்ட
03.04.2026

அன்புள்ள யது அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். புஷ்பம் அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டு, "வரலியா டீச்சர்?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவர் பிள்ளைகளுக்குப் பால் கரைக்க என் கையிலிருந்த பால்மாப் பேணியை வாங்கிக்கொண்டு, "போயி கொஞ்சம் படுங்க" என்று மட்டும் சொன்னார்.

லெப்டொப்பில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. மாத அறிக்கையை நானே அனுப்பிவிட்டேன். அந்த வீடியோவை றிப்தி நானாவின் மெஷினிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இந்த முறை வேறு மெஷினில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் எழுதியது சரிதான், அந்த இரண்டு பேராக நாம் இனி ஆக முடியாது. நான் உங்களை அப்படி இருக்கச் சொல்லவும் இல்லை. சோறு போடுவேன், சாப்பிடுவீர்கள், பேசாமல் இருப்போம் என்கிறீர்கள். அது உங்களுக்குப் பயமாக இருக்கிறது. இங்கே நான் ஒரு தட்டை மட்டும் கழுவி வைக்கிறேன். பேசாமல் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்கு அதுவே போதும்.

ஆனால் இப்படியே எழுதிக்கொண்டிருப்போம் என்பதற்கு மட்டும் என்னால் முடியாது. உங்கள் கடிதம் ஒவ்வொன்று வரும்போதும் ஆளே வருகிற மாதிரி இருக்கிறது, பிறகு வருவதில்லை. கடிதத்தில் நீங்கள் நல்லவராக இருக்கிறீர்கள். அதனால் நான் மறுபடி மறுபடி நம்பிவிடுகிறேன். அவள் போனதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க எனக்குப் பலம் இல்லை. அதனால் இதுதான் என் கடைசிக் கடிதம். இதற்குப் பதில் வேண்டாம். வந்தாலும் திறக்க மாட்டேன்.

எப்போதாவது வர வேண்டும் என்று தோன்றினால் எழுதிக் கேட்காதீர்கள். வந்துவிடுங்கள். பஸ் பாலத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து நடக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் நான் பிள்ளைக்காம்பராவில் இருப்பேன்.

இப்படிக்கு,
யது அம்மா